வில்டன்ஸ் அரங்கமும் அதன் கேஸ் விளக்கும்

லண்டனின் வொயிட்சேப்பல் பகுதியில் உள்ள வில்டன்ஸ் மியூசிக் ஹால் (பாட்டும் கேளிக்கையும் நடந்த அரங்கம்) 1877 தீயோடு முடிந்துபோனது என்று, அதைப் பற்றிய உங்கள் கட்டுரையில் வருகிறது. அது சரியல்ல. எரிந்த அரங்கைத் திரும்பக் கட்டி, 1880களின் தொடக்கம்வரை நிகழ்ச்சி நடத்தினார்கள். 1888-இல் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினர் அதை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பசித்தவர்களுக்கு அங்கேதான் சோறு போட்டார்கள். இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கூரை விளக்கைக் கட்டுரை வெறும் அலங்காரமாகச் சொல்லிவிட்டது. 1859-இல் ஜான் வில்டன் திறந்த அரங்கில் சுமார் 300 கேஸ் சுடர்களும் 27,000 படிகத் துண்டுகளும் கொண்ட சன்பர்னர் என்ற பெரிய கேஸ் விளக்கு தொங்கியது. வெளிச்சம் அதன் பாதி வேலைதான். சுடர்களின் சூடு மேலே உள்ள புகைபோக்கி வழியாக ஏறும்போது, கூட்டத்தின் வியர்வைக் காற்றையும் சுருட்டுப் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மின்விசிறி இல்லாத காலத்தில் அரங்கம் மூச்சுவிட்டது இப்படித்தான். ஆபத்தும் அங்கேயே இருந்தது: புகைபோக்கிக்கும் கூரை மரத்துக்கும் போதிய இடைவெளி இல்லாவிட்டால், இரவுக்கு இரவு சூடேறி மரம் கருகி, ஒருநாள் பற்றிக்கொள்ளும். 1877 தீக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கேஸ் விளக்கு அரங்குகள் எல்லாவற்றுக்கும் இருந்த அபாயம் இது.

முறுக்குக் கம்பம் போன்ற, அரங்கின் வார்ப்பிரும்புத் தூண்கள் இன்றும் பால்கனியைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் படத்தையும் போடுங்கள்.