பொட்டலம் கொடுத்தோம், பேச ஆள் கொடுக்கவில்லை

2020 ஊரடங்கில் ஓசூரில் யாரும் பட்டினியாகப் படுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒரு சண்டை உண்டு. நல்லது நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு சாப்பாடு கட்டிக் கொடுத்தார்கள், கோயில்காரர்களும் ஜமாத்காரர்களும் ரசிகர் மன்றத்துப் பையன்களும் ஓடி ஓடி வேலை செய்தார்கள். என் கேள்வி வேறு. அந்தச் சாப்பாடு யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை, அது எதனால்?

அந்த ஏப்ரலில் அரிசி கார்டு வைத்திருந்தவர்களுக்கு 1000 ரூபாயும் இலவச ரேஷனும் கிடைத்தன. கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் என்று அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்புதான். ஆனால் கொடுப்பதற்குப் பட்டியல் வேண்டுமே? சிப்காட்டில் பெரிய கம்பெனிகளின் கான்ட்ராக்ட் ஆட்கள் பட்டியலில் இருந்தார்கள். கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவன், பசுமைக்குடிலில் ரோஜா பறிக்கிறவள், மேஸ்திரி சொல்லி ஒரிசாவிலிருந்து வந்து செங்கல் அறுக்கிற குடும்பம், இவர்கள் யார் கணக்கிலும் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத்தவரைக் கூட்டி வந்தாலே கான்ட்ராக்டர் உரிமம் எடுத்துப் பதிவு வைக்க வேண்டும் என்று 1979-லேயே ஒரு மத்தியச் சட்டம் போட்டாயிற்று. இங்கே எத்தனை மேஸ்திரிகளுக்கு அது காதில் விழுந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைக்கூட விடுங்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிந்தது பேச்சு.

ஓசூர் மார்க்கெட்டில் ஒரு கிலோ தக்காளிக்குப் பேரம் பேசினால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டி கன்னடத்தில் முடியும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோதான் பேசுகிற பாட்டிகள் நிறையப் பேர் உண்டு. கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் உருது. அந்தப் பக்கம் தர்மபுரி சித்தேரி, சிட்லிங்கி போனால் மலைவாழ் மக்கள், லம்பாடித் தாண்டாக்கள். இவ்வளவு மொழிக்கு நடுவில் பிழைக்கிற ஊர், மைக் கட்டிய ஆட்டோவைத் தமிழில் மட்டும் சுற்ற விட்டது. 144 போட்டிருக்கிறார்கள், வெளியே வராதீர்கள், காய்ச்சல் இருந்தால் தகவல் சொல்லுங்கள் என்று அது கத்திக்கொண்டே போகும். லைன் வீட்டு வாசலில் நின்ற ஒடியாப் பையன்களுக்கு அதில் 'கொரோனா' என்ற ஒரு சொல்தான் புரிந்தது.

இந்த இடத்தைத்தான் வதந்தி வந்து பிடித்துக்கொண்டது. மே 1-ஆம் தேதி தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் சிறப்பு ரயில் கிளம்பியது. சேதி செல்போனில் வந்ததும், பெங்களூரு போனால் நமக்கும் ரயில் கிடைக்கும் என்று சிலர் மூட்டையைக் கட்டினார்கள். பெயரைப் பதிவு செய்ய வேண்டும், முறை வரும்போது கூப்பிடுவார்கள் என்று அவன் மொழியில் சொல்ல ஒருவன் இருந்திருந்தால் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி வரை வெயிலில் நடந்துபோய்த் திரும்பி வர வேண்டியிருக்காது.

அப்படிச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடமே இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். நம்மூர் முஸ்லிம்கள் வீட்டில் பேசுவது தக்னி உருது. பீகாரிக்கும் ஜார்க்கண்டுகாரனுக்கும் அது நன்றாகவே புரியும். ஆனால் டெல்லி தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போனவர்களுக்குக் கொரோனா என்ற செய்தி வந்ததிலிருந்து அந்த ஏப்ரல் முழுக்க நம் வாட்ஸ்அப் குழுக்கள் என்ன செய்தன? பாய் கடையில் காய் வாங்காதே, அந்தத் தெருப் பக்கம் போகாதே. குடியுரிமைச் சட்டப் போராட்டம் ஓய்ந்த சூடுகூட ஆறாத நேரம் அது. யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை பேர் என்று கேட்டாலே மக்கள் மிரண்டார்கள், அது காய்ச்சல் கணக்கெடுப்பாகவே இருந்தாலும். மாவட்டத்துக்கு மிகவும் தேவைப்பட்ட நாக்கு யாரிடம் இருந்ததோ அவர்களையே ஒதுக்கி உட்கார வைத்தோம். அப்படியும் அவர்களில் சில பையன்கள் லைன் வீடுகளுக்குப் போய் மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்னார்கள், வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் படத்தை யாரும் ஸ்டேட்டஸில் வைக்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். வடக்கத்திக்காரன் என்றாலே சப்பாத்தி என்று நமக்கு ஒரு முடிவு. ஒரிசாக்காரனும் வங்காளியும் அசாம்காரனும் சோறு தின்கிறவர்கள். ஒரிசாவில் பகாளா என்று சாப்பிடுவது வேறொன்றுமில்லை, நம் பழைய சோறுதான். பீகாரியிடம் போனால் ஆட்டாவும் வேண்டும், சோறும் வேண்டும். நாம் தினமும் புளிசாதப் பொட்டலம் கொடுத்தோம். இரண்டு நாள் சாப்பிட்டார்கள், மூன்றாம் நாள் மிச்சம் வைத்தார்கள், உடனே "திமிரைப் பார்" என்று பேச்சு. பொட்டலத்துக்கு வரிசையில் நிற்க வைப்பதற்குப் பதில் அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடுகெண்ணெய், சிலிண்டருக்குக் கொஞ்சம் பணம் என்று கொடுத்திருந்தால் அவர்களே சமைத்துக்கொண்டிருப்பார்கள். செலவும் குறைந்திருக்கும். கூடவே ஒரு ரீசார்ஜ். அதை ஆடம்பரம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஊரில் இருக்கும் அம்மாவின் குரலைக் கேட்ட பையன் நடந்தே ஊருக்குப் போகலாம் என்ற எண்ணத்தை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடுவான்.

நான் பாலக்கோட்டுக்காரன். எங்கள் மாவட்டத்து ஆட்கள் காலம் காலமாகப் பெங்களூரில் சென்ட்ரிங் அடிக்கிறார்கள், சித்தாள் வேலை பார்க்கிறார்கள். அங்கே அவர்கள்தான் வெளியூர்க்காரர்கள். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் அடிபட்டு ஓடி வந்த தமிழர்களுக்கு முதலில் கண்ணில் பட்ட தமிழ்நாடு ஓசூர்தான். இந்தக் கதையைச் சொல்லி அழுகிற ஊர், 2020-இல் என்ன செய்தது? ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக, அதாவது கொரோனா தொற்று இல்லாத மாவட்டமாக, இருந்தது கிருஷ்ணகிரி மட்டும்தான். அந்தப் பச்சையைக் காப்பாற்றுகிறோம் என்று ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த சொந்த ஊர்க்காரனையே உள்ளே விடாத கிராமங்கள் இருந்தன. அப்புறம் ஒடியாக்காரன் எந்த மூலைக்கு? பச்சை என்னவோ சில நாட்களில் போய்விட்டது.

இதை எழுதினால் "அவங்க தமிழ் கத்துக்கட்டும்" என்று கட்டாயம் ஒரு கமென்ட் வரும். கற்றுக்கொள்ளட்டும், நானும் அதையேதான் சொல்கிறேன். கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். என் தெருப் பானிபூரிக்காரர் இப்போது என்னைவிட நன்றாகப் பேரம் பேசுகிறார். ஆனால் நடு ராத்திரியில் மூச்சுத் திணறுகிறவனுக்கு அது தமிழ் வகுப்பு நடத்துகிற நேரம் இல்லை. 2023 மார்ச்சில் பீகாரிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது இந்தியில் பேசித்தான் பயத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. அவசரம் வந்தால் அவன் மொழியில்தான் சொல்லியாக வேண்டும். அதனால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்துவிட்டது. சொந்த ஊர்க் கார்டை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம். அதுவும் அவர்களுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

வார்டுக்கு ஒரு நோட்டு. எந்த வீட்டில் எந்த மாநிலத்து ஆட்கள், எத்தனை பேர், அவர்களோடு பேசத் தெரிந்த உள்ளூர்க்காரர் யார், அவர் போன் நம்பர். இவ்வளவுதான் நான் கேட்பது. எங்கள் கவுன்சிலரிடம் எழுதியே கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்த லைன்ல நமக்கு எத்தனை ஓட்டு சார்?" என்று கேட்டார். குடியிருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, வாடகை வாங்குகிறவர்களுக்கு இருக்கிறது, எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று சரியாகத் தெரிந்ததும் அவர்களுக்குத்தான், அங்கேயிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த மாதமும் போய்க் கேட்பேன்.