கார் கண்ணாடியை ஏத்துங்கய்யா!

போன சனிக்கிழமை அமெரிக்காவுல கிரேட் ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவுல, கேட்ஸ் கோவ் வளையச் சாலையில ஒன்றரை மணி நேரம் வண்டி நகரலை. 11 மைல் ஒருவழிப் பாதை, திரும்பவும் முடியாது. முன்னாடி என்னன்னா ஒரு தாய்க் கரடி, ரெண்டு குட்டி. ஜனம் நடுரோட்டுல வண்டியை விட்டுட்டு, கதவைக்கூடச் சாத்தாம போனைத் தூக்கிக்கிட்டு ஓடுது. இடுப்புல குழந்தையோட ஒரு அம்மா நேரா தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல போய் நிக்குறாங்க! வயித்தைக் கலக்கிடுச்சு எனக்கு.

அந்தத் தாய்க் கரடி புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது, பல்லை டக்கு டக்குன்னு அடிக்குது, தரையை ஓங்கி அறையுது. "கிட்ட வராதே"ன்னு அதுக்குத் தெரிஞ்ச பாஷையில கெஞ்சுது. இவங்க சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுக்குறாங்க.

அப்பத்தான் பக்கத்து வண்டியிலேருந்து தமிழ்க் குரல். "ஏங்க, ஒரு பிஸ்கட் போடுங்க, கிட்ட வரும்." கத்திட்டேன். "பாவம் சார், பசியா இருக்கும்"னாரு.

பசியா? கோடையில பெர்ரி, இலையுதிர் காலத்துல ஓக் மரத்துக் கொட்டைன்னு காடு பூரா அதுக்குச் சாப்பாடு கொட்டிக் கிடக்கு. மனுஷன் இருக்குற இடத்துல தீனி கிடைக்கும்னு உங்க பிஸ்கட்டுல அது கத்துக்கும். அப்புறம் கூடாரத்தைக் கிழிக்கும், கார் கதவைத் திறக்கும். பயம் விட்டுப்போய் ஆளுங்களை நெருங்குற கரடியைப் பல நேரம் கடைசியில கொன்னுடுறாங்க. பிஸ்கட் போட்டவருக்கு அது தெரியக்கூடப் போறதில்லை. அதான் எனக்குப் பொறுக்கவே மாட்டேங்குது.

அங்க 50 கஜத்துக்குள்ள, அதாவது 150 அடிக்குள்ள, வேணும்னே கரடிகிட்ட போறதே குற்றம். தீனி போட்டா 5,000 டாலர் வரைக்கும் அபராதம், 6 மாசம் வரைக்கும் ஜெயில். எழுதி வெச்சிருக்காங்க. படிக்கத்தான் ஆளில்லை.

நடைபாதைக்குப் போனா இன்னும் மோசம். நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேர் கரடியைப் பத்திப் படிச்சது ஸ்கூல்ல சொன்ன அந்த ரெண்டு நண்பர்கள் கதையோட சரி. ஒருத்தன் மரத்துல ஏறிக்குவான், இன்னொருத்தன் செத்த மாதிரி படுத்துக்குவான். என்கூட வந்த நண்பரே "நான் மரத்துல ஏறிடுவேன்"னு மனசார நம்பிச் சொல்றார். அய்யா, இங்க இருக்குறது கருங்கரடி, அது உங்களைவிட வேகமா மரம் ஏறும்! ஓடலாம்னா மணிக்கு 30 மைல் வேகத்துல வரும். செத்த மாதிரி படுக்குறது கிரிஸ்லிங்குற பழுப்புக் கரடிக்குச் சொன்னது. இந்தப் பக்கம் கிரிஸ்லியே கிடையாது. கருங்கரடி மேல பாஞ்சா கையில கிடைக்குற கல்லு, கட்டை எதையாவது எடுத்துத் திருப்பி அடிக்கணும், மூஞ்சியைப் பார்த்து.

அந்த அளவுக்குப் போறது ரொம்ப அபூர்வம். தூரத்துல பார்த்த உடனே நின்னு, பிள்ளைங்களைப் பக்கத்துல இழுத்துக்கிட்டு, முதுகைக் காட்டாம மெதுவா பின்வாங்குங்க. நெருங்கி வந்தா கையைத் தூக்கி, சத்தம் போட்டு, பெரிய ஆளாத் தெரியுங்க. கரடி விரட்டுற ஸ்ப்ரே வாங்கினவங்க அதை இடுப்புல மாட்டுங்க! பை அடியில, எலுமிச்சை சாதத்துக்குக் கீழ கிடந்தா எந்த நேரத்துல எடுப்பீங்க?

அந்தச் சாதத்துல மிச்சத்தையும், ஆரஞ்சுத் தோலையும் "மக்கிடும்"னு பாதையோரம் வீசுறீங்களே, உங்களுக்குப் பின்னாடி பிள்ளை குட்டியோட நடந்து வர்றவங்க நாங்க. மூடி, பையில போட்டு, திரும்ப எடுத்துட்டுப் போங்க.

சனிக்கிழமை அந்தக் குட்டிங்க ரெண்டும் பயந்து மரத்து உச்சிக்கு ஏறிடுச்சு. ரேஞ்சர் வந்து கூட்டத்தை விரட்டுற வரைக்கும் தாய் அடிமரத்தை விட்டு நகரவே இல்லை.