ஜெஸ்ஸி பிரவுன் எப்படிச் செத்தார் என்பது மட்டும் போதாது

அமெரிக்கக் கடற்படை விமானி ஜெஸ்ஸி பிரவுனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு எப்படியோ அவரைக் காப்பாற்றப் போன சக விமானி டாம் ஹட்னரிடம் போய் நின்றுவிடுகிறது. எனக்கு அது வருத்தம்தான்.

1950 டிசம்பர் 4. கொரியப் போர், சோசின் நீர்த்தேக்கப் பகுதி. கீழேயிருந்து சுட்டதில் பிரவுனின் கோர்சேர் விமானம் பழுதாகி, பனி மூடிய மலைச்சரிவில் விழுந்தது. கால் நசுங்கி உள்ளேயே சிக்கிக்கொண்டது. மேலே வட்டமிட்ட ஹட்னர், வேண்டுமென்றே தன் விமானத்தையும் பக்கத்திலேயே வயிறு உரசத் தரையிறக்கினார். புகைந்த எஞ்சினில் வெறுங்கையால் பனியை அள்ளி அள்ளித் திணித்தார். ஹெலிகாப்டரில் வந்த கோடாலிக்கும் அந்த இரும்பு அசையவில்லை. மனைவி டெய்சியிடம் தன் அன்பைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு பிரவுன் நினைவிழந்தார். வயது 24.

ஹட்னர் செய்தது சாதாரண காரியம் இல்லை. நாட்டின் மிக உயர்ந்த வீர விருது கிடைத்ததும் நியாயம்தான். ஆனால் அன்று வானத்தில் வழிநடத்தியவர் பிரவுன், பின்தொடர்ந்தவர் ஹட்னர் என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? பதவியில் ஹட்னர் மேலே, பறந்த அனுபவத்தில் பிரவுன் மேலே. பிரவுன் கறுப்பர், ஹட்னர் வெள்ளையர். பிரவுனின் சொந்த மிசிசிப்பியில் இருவரும் ஒரே ஹோட்டலில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது.

அந்த இடத்துக்கு அவர் வந்த வழியைத்தான் நான் பேசச் சொல்கிறேன். மிசிசிப்பியின் ஹேட்டீஸ்பர்க் பக்கம், விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுத ஏழைக் குடும்பம். பருத்திக் காட்டில் வேலை செய்துகொண்டே விமானியாவேன் என்று சொன்ன பையன். கறுப்பர்களை விமானப் படையில் ஏன் சேர்ப்பதில்லை என்று பள்ளி வயதிலேயே, 1937-இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் போட்டான்! அப்புறம் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம். ராத்திரியில் ரயில் பெட்டிகளில் சரக்கேற்றும் வேலை. பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது என்பது கடற்படை விதி, அதனால் டெய்சியை ரகசியமாகக் கைப்பிடித்தார். 1948 அக்டோபரில், அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பர் ஆனார்.

உடலை மீட்க வழியில்லாமல், எதிரி கையில் சிக்கக் கூடாதென்று, சக விமானிகளே அந்த இடத்தின் மேல் நேபாம் என்ற தீக்குண்டு போட்டார்கள். 2013-இல், 88 வயதில், ஹட்னர் வட கொரியாவுக்கே போனார். மழை வெள்ளத்தால் அந்த மலைக்குப் போக முடியவில்லை. 2014-இல் டெய்சியும் 2017-இல் ஹட்னரும் காலமானார்கள். பிரவுன் இன்னும் அங்கேதான் கிடக்கிறார். அமெரிக்காவும் வட கொரியாவும் சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, தேடுவதற்கு ஆட்களை அந்த மலைக்கு அனுப்பியே ஆகவேண்டும்.