பாஸ் வாசிப்பவருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?

போன மாதம் சென்னையிலிருந்து என் கல்லூரி நண்பன் வந்திருந்தான். சிகாகோவுக்கு யார் வந்தாலும் ஏரிக்கரையையும் உயரமான கட்டடங்களையும் காட்டுவதற்கு முன்னால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் வாசிக்கும் ஒரு கிளப்புக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். அன்று புதன்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே முப்பது பேர் இருந்தாலே அதிகம். மேடையில் நான்கு பேர்: பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் தலைவர், பாஸ் என்ற கீழ்ச்சுருதி கிட்டார், டிரம்ஸ், மவுத் ஆர்கன். இரண்டாவது செட்டில் தலைவர் ஒரு மெதுவான பாட்டை எடுத்தார். நண்பனுக்கு வரிகள் பாதிதான் பிடிபட்டிருக்கும். ஆனாலும் பாட்டு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் காதருகே குனிந்து சொன்னான்:

“மச்சான், பட்ட கஷ்டம்தான்டா இவங்கள இப்படிப் பாட வைக்குது. வசதி வந்துட்டா இந்தச் சத்தம் வராது.”

கச்சேரி நடக்கும்போது பேசுவது எனக்குப் பிடிக்காது, அதனால் அப்போது எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்த வார்த்தை மனதைவிட்டுப் போகவில்லை. இதைச் சொன்ன முதல் ஆள் அவன் இல்லை. இந்த ஊரில் நான் இருக்கும் பதினைந்து வருடங்களாக, வெள்ளைக்காரர்கள், நம்மவர்கள், சுற்றுலா வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். எல்லோரும் அன்போடுதான் சொல்கிறார்கள். அவன் கண்ணீரும் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணம் தவறு. அதனால் ஆகும் கெடுதலும் சின்னதில்லை. வறுமைதான் இந்த இசையின் ஊற்று என்று நம்பிவிட்டால், வாசிப்பவருக்குக் கூலியை உயர்த்திக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

அன்றைய பாஸ் கலைஞரையே எடுத்துக்கொள்கிறேன். இடைவேளையில் அவரோடு கொஞ்சம் பேசினேன். பகலில் ஒரு கிடங்கில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனவர், மாலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஆம்ப் என்ற ஒலிபெருக்கியையும் கிட்டாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனியில் ஓட்டி வந்திருக்கிறார். வாரத்தில் மூன்று வெவ்வேறு குழுக்களோடு வாசிக்கிறார். இங்கே வழக்கம் இதுதான். குழுத் தலைவர் கிளப்போடு ஒரு தொகை பேசிக்கொள்வார், இரவு முடிந்ததும் கூட வாசித்தவர்களுக்கு அதிலிருந்து பிரித்துக் கொடுப்பார். மேடைக்கு முன்னால் இருக்கும் வாளியில் ரசிகர்கள் போடும் டிப்ஸ் தனி. ஒத்திகை என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. தலைவர் திரும்பிப் பார்த்து எந்தச் சுருதி, எந்த நடை என்று இரண்டு சொல் சொல்வார், அடுத்த நொடி பாட்டு தொடங்கிவிடும்.

ப்ளூஸ் எளிமையானது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நான்கு எண்ணிக்கை கொண்ட 12 பார்கள், அதாவது தாளப் பகுதிகள், ஒரு சுற்று, அதற்குள் மூன்றே மூன்று கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள். ஏட்டில் அவ்வளவுதான். ஆனால் மிசிசிப்பி டெல்டாவின் பழைய வழியில் பாடுகிறவர் ஒரு வரியை இழுக்க நினைத்தால் இழுத்துவிடுவார், 12 என்பது பதின்மூன்றாகும், பதின்மூன்றரையாகவும் ஆகும். பாஸும் டிரம்ஸும் அவருடைய முதுகைப் பார்த்து, மூச்சைக் கேட்டு, அவர் எங்கே இறங்குகிறாரோ அங்கேயே கூட இறங்க வேண்டும். ஒரு அரைத் தட்டு தவறினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அன்று இரவு ஒரு தடவைகூடத் தவறவில்லை. நண்பன் அழுத அந்தப் பாட்டில், பாடகர் ஒரு வரிக்கு முன்னால் சட்டென்று நின்றார். பாஸ் கலைஞர் நரம்பை உள்ளங்கையால் அமுக்கி அப்படியே காத்திருந்தார். அழ வைத்தது அந்த நிசப்தம்தான். கஷ்டப்பட்ட எல்லோருக்கும் அது வந்துவிடாது. இருபது முப்பது வருடம் ஒரு வேலையைச் செய்து கற்றவருக்கு வரும்.

டொரான்சோ கேனன் என்று ஒரு கலைஞர். 1968இல் பிறந்தவர், சிகாகோவின் தென்பகுதியில் வளர்ந்தவர். மவுத் ஆர்கன் கலைஞர் ஜூனியர் வெல்ஸ் போன்றவர்கள் வாசித்த தெரேசாஸ் லவுஞ்ச் என்ற அடித்தள கிளப் அவர் வீட்டுக்குப் பக்கம். சிறுவனாக உள்ளே போக முடியாமல் வெளியே நடைபாதையில் நின்று கேட்டவர். கிட்டார் வாங்கியது 22 வயதில். சிகாகோ போக்குவரத்துக் கழகத்தில் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வாரத்தில் நான்கு நாள் ஓட்டிவிட்டு, மிச்ச நாட்களையும் விடுமுறைகளையும் ஒன்றுசேர்த்து வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போவார். அந்த நாட்களில் 2016இல் அவருடைய ஆல்பம் வந்தபோது உலகம் முழுவதும் ப்ளூஸ் ரசிகர்கள் பேசினார்கள்.

இன்னொரு சிகாகோ கிட்டார் கலைஞர் லில் எட் வில்லியம்ஸ் கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்தவர். அவர் குழுவில் பாஸ் வாசிக்கும் அவருடைய சகோதரர் பூக்கி யங் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். 1986இல் அலிகேட்டர் இசைத்தட்டு நிறுவனம் அவர்களை ஒரு தொகுப்புக்காக இரண்டொரு பாட்டு வாசிக்கக் கூப்பிட்டது. அவர்கள் அன்று ஒரே இரவில் மூன்று மணி நேரத்துக்குள் முப்பது பாட்டு வாசித்துத் தள்ளினார்கள், அதிலிருந்தே முதல் ஆல்பம் வந்துவிட்டது. இந்தக் கதையை எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை. கார் கழுவிவிட்டு வந்து பத்து வருடத்துக்கு மேல் சின்னச் சின்ன கிளப்புகளில் வாசித்த கைகள் அவை. முப்பது என்ன, அறுபது பாட்டும் வந்திருக்கும்.

ப்ளூஸ் பாடகி கோகோ டெய்லரைப் பற்றியும் இப்படி ஒரு கதை உண்டு. 1952இல் கணவரோடு 35 சென்ட் காசும் ஒரு டப்பா பிஸ்கட்டுமாகப் பேருந்தில் சிகாகோ வந்து இறங்கினார் என்பது. அவரே சொன்னதுதான், உண்மைதான். மேடை அறிவிப்பாளர்களுக்கு இந்த 35 சென்ட் மிகவும் பிடிக்கும். அதற்குப் பிறகு பல வருடம் பணக்காரர் வீடுகளில் தரை துடைத்து, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இரவில் கிளப்புகளில் போய்ப் பாடினாரே, அதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. 2009 ஜூனில் இறப்பதற்கு நான்கு வாரம் முன்புவரை மேடையேறினார் அந்த அம்மா.

ஆதியிலேயே இந்த ஊர் ப்ளூஸ் தொழிலாளிகளின் இசை. மிசிசிப்பியின் பருத்திக் காடுகளிலிருந்து இல்லினாய் சென்ட்ரல் ரயிலேறி வந்த கறுப்பின மக்கள் இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1943இல் வந்த பாடகரும் கிட்டார் கலைஞருமான மடி வாட்டர்ஸ் காகித ஆலையில் வேலை பார்த்தார், டிரக் ஓட்டினார். வெள்ளிக்கிழமை கூலி வாங்கியவர்கள் அன்று இரவே கிளப்புக்கு வந்தார்கள். ஞாயிறு காலை மேக்ஸ்வெல் தெருச் சந்தையில், பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து காசு கொடுத்து மின்சார ஒயர் இழுத்து, ஆம்ப் வைத்து வாசித்தார்கள். வாசித்தவரும் கேட்டவரும் ஒரே ஷிப்டில் நின்றவர்கள், ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். 1971இல் இறைச்சிக் கூடங்கள் மூடப்பட்டன. எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாகப் போயின. கூலி போனதும் தென்பகுதி, மேற்குப் பகுதி கிளப்புகளும் வாடின. மேக்ஸ்வெல் சந்தையையும் 1994இல் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக அங்கிருந்து அகற்றினார்கள். அதற்குள் ப்ளூஸ் வடபகுதிக்கு, மாணவர்களும் சுற்றுலாக்காரர்களும் வரும் தெருக்களுக்கு நகர்ந்திருந்தது.

அந்த வடபகுதி கிளப்புகளை நான் குறை சொல்ல வரவில்லை. கிங்ஸ்டன் மைன்ஸில் இரண்டு மேடை. ஒரு குழு இறங்கும்போது மறு மேடையில் இன்னொரு குழு தொடங்கும், விடியற்காலை நான்கு மணி வரை இசை நிற்காமல் ஓடிய இரவுகளை நானே பார்த்திருக்கிறேன். ரோசாஸ் லவுஞ்சை 1984இல் தொடங்கியவர் இத்தாலியின் மிலானிலிருந்து ப்ளூஸுக்காகவே வந்த ஒரு டிரம்ஸ் கலைஞர், பெயர் அவர் அம்மாவின் பெயர். 1984இல் தொடங்கிய சிகாகோ ப்ளூஸ் திருவிழாவுக்கு இன்றும் நுழைவுக் கட்டணம் இல்லை. சிகாகோவில் ப்ளூஸ் செழித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். யாருக்குச் செழித்திருக்கிறது என்று மட்டும் கேட்பேன். திருவிழா கோடையில் சில நாட்கள். ஒரு கலைஞருக்கு வருடத்தில் மிச்சமுள்ள நாட்களில் செவ்வாய், புதன் இரவுகள்தான் வீட்டு வாடகை.

சரி, வசதி வந்தால் சத்தம் போய்விடும் என்றானே நண்பன். ஹௌலின் வுல்ஃபை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இந்த ஊர் ப்ளூஸில் அவரைவிட முரட்டுக் குரல் யாருக்கும் இருந்ததில்லை. மிசிசிப்பியில் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, வயலில் உழைத்து வளர்ந்தவர். எழுதப் படிக்கப் பெரியவரான பிறகு கற்றுக்கொண்டவர், புகழ் வந்த பிறகும் பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போனவர். அவர் தன் குழுவை எப்படி நடத்தினார் தெரியுமா? சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார். சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பிடித்தம் செய்து கட்டினார். வேலையில்லாக் காப்பீடும் கட்டினார். கச்சேரி இல்லாத வாரங்களில் அவருடைய ஆட்கள் அரசு அலுவலகத்துக்குப் போய் உதவித்தொகை கேட்க முடிந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ப்ளூஸ் குழு நடத்தியவர்களில் இது எவ்வளவு அபூர்வம் என்பதை வயதான கலைஞர்கள் இன்றும் சொல்வார்கள். அவருடைய கிட்டார் கலைஞர் ஹூபர்ட் சம்லின் 1954இல் வந்து சேர்ந்தார். நடுவில் கொஞ்ச காலம் மடி வாட்டர்ஸிடம் போய்த் திரும்பியதைத் தவிர, 1976இல் வுல்ஃப் இறக்கும்வரை கூடவே இருந்தார். அந்த இருபது வருடத்துப் பதிவுகளைக் கேளுங்கள். மாதம் தவறாமல் காப்பீடு கட்டியதால் அந்தக் குரலில் ஏதாவது குறைந்திருக்கிறதா?

பாடகருக்கும் பாட்டெழுதியவருக்குமாவது உரிமைத் தொகை என்று ஒன்று பேச இருக்கிறது. ப்ளூஸ் பாட்டுகள் எழுதிய வில்லி டிக்ஸன் 1985இல் லெட் செப்ளின் என்ற ஆங்கிலேய ராக் குழுமேல் வழக்குப் போட்டு, 1987இல் சமரசத்தில் தன் பங்கைப் பெற்றார். கூட வாசித்தவருக்கு என்ன? அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பதிவு ஒலித்தால் பாட்டெழுதியவர் பக்கத்துக்குப் பணம் போகும், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சட்டப்படி எதுவும் கிடையாது. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி போன்றவற்றுக்கு மட்டும் சட்டம் ஒரு பங்கீடு வைத்திருக்கிறது. பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45. பின்னணியில் வாசித்த, பாடிய அத்தனை பேருக்கும் சேர்த்து மிச்சம் 5. அந்த ஐந்துக்குள்தான் அன்றைய பாஸ் கலைஞரைப் போன்றவர்கள் எல்லோரும் அடக்கம்.

உடம்புக்கு முடியாமல் போனால் நடப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறுவதில்லை. கிளப் வேலையில் மருத்துவக் காப்பீடு வராது. ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் கூடி நிதிக் கச்சேரி நடத்துவார்கள். வாடகைக்கே திண்டாடும் இருபது பேர் அன்று இலவசமாக வாசித்து, வாளி நிரப்பி, மருத்துவமனைக் கட்டணத்துக்குக் கொடுப்பார்கள். இப்படி ஏழெட்டுக் கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். மெம்ஃபிஸில் இருக்கும் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் இதற்கென்றே ஒரு நிதி வைத்திருக்கிறது, பலருக்கு உதவுகிறது, நல்ல காரியம். ஆனால் ஒருவர் உழைத்த கூலியிலேயே வைத்தியம் பார்க்க முடிந்தால் இந்த வாளி எதற்கு?

நம்மால் ஆவதும் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு வருடக் கடைசி விருந்துக்கு ப்ளூஸ் குழுவைக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் தாராளமாகச் செலவு. குழு கேட்ட தொகையை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள், விளம்பரம் கிடைக்குமே என்று காரணம் வேறு. குழுவை ஏற்பாடு செய்தவன் நான்தான். எதிர்த்துச் சொல்லாமல் அந்தப் பாதித் தொகையை அவர்களிடம் கொண்டுபோய்ப் பேசினேன். அவர்கள் வந்து முழு மனதோடு வாசித்துவிட்டுப் போனார்கள். எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் குழு சொன்ன தொகைக்கு ஒரு டாலர் குறைத்துக்கூட நான் பேசுவதில்லை.

நண்பனிடம் இதையெல்லாம் மறுநாள் காலை காபி குடிக்கும்போது சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், “அந்த பாஸ் வாசிச்சவர் பேர் என்னடா?” என்றான். அது நல்ல கேள்வி. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவரிடமே போய் ஒரு சிடி வாங்கிக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை அதே குழு அதே இடத்தில் வாசிக்கிறது. ஒன்பது மணிக்குத் தொடக்கம். நேப்பர்வில் பக்கமிருந்து நான் காரில் வருகிறேன், மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். மறுநாள் வேலை இருக்கிறது என்பவர்கள் முதல் செட் மட்டுமாவது கேட்டுவிட்டுப் போகலாம். வாளி சுற்றி வரும்போது அட்டை செல்லாது, ஐந்து பத்து டாலர் நோட்டுகளாக எடுத்து வாருங்கள்.