அளந்து பாக்காமல் அந்தக் காரின்ர வயரிங்கை வெட்டினது பிழை

ஸ்ராட் வராத பழைய மொறிஸ் மைனர் கார் ஒண்டைத் திருத்துற உந்த வீடியோவை நானும் பாத்தன். தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் பாத்திட்டுத்தான் எழுதுறன். பாதி பாத்திட்டுக் கதைக்கிறான் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது.

பற்றரி மாத்தியாச்சு. ஸ்ராட்டர் மாத்தியாச்சு. கொயில் மாத்தியாச்சு. பிறகும் இஞ்சின் சோம்பிச் சோம்பித்தான் சுத்துது. உடன டாஷ்போட்டுக்குப் பின்னால கிடந்த வயரிங் முழுக்க வெட்டி நிலத்தில போட்டாச்சு. பழைய கார் எண்டா இப்பிடித்தான், லட்சக்கணக்கில இறக்காமல் ஓடாது எண்டு தீர்ப்பும் சொல்லியாச்சு. கீழ கொமென்ற் முழுக்கச் சிரிப்பு. இரும்புக்கடைக்குக் குடுக்கச் சொல்லி எத்தினை பேர்!

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த வீடியோவில எங்கயாவது ஒரு மீற்றர் தெரிஞ்சுதோ? ஒரு ரெஸ்ற் பல்பாவது? இல்லை. ஒருத்தரும் ஒண்டையும் அளக்கேல்லை. அளக்காமல் ஒண்டை மாத்தினது, அது சரிவரேல்லை எண்டு அடுத்ததை மாத்தினது.

இத்தனைக்கும் கார் தன்ர வருத்தத்தைத் தானே காட்டினது. ஸ்ராட் அடிக்கேக்க சோக் கேபிளில, டாஷ்போட்டில இருந்து காபுரேற்றருக்குப் போற அந்த இழுவைக் கம்பியில இருந்து, புகை வருது. எல்லாரும் பாத்தீங்கள். கார் பத்தப்போகுது எண்டு சிரிச்சீங்கள். அந்தப் புகை ஏன் வந்தது எண்டு ஆரும் ஒருத்தர் கேட்டிருந்தால் அந்த வயரிங் இண்டைக்கும் முழுசா இருந்திருக்கும்.

இஞ்சினும் கியர்பொக்ஸும் றப்பர் மவுண்டிங்கில இருக்கு. றப்பர் கறன்ற் கடத்தாது. அதால ஸ்ராட்டருக்குப் போன கறன்ற் காரின்ர இரும்புப் பொடிக்குத் திரும்பி வர ஒரு தடிச்ச பின்னல் பட்டி போட்டிருக்கும். மைனரில அது காருக்கு அடியில, கியர்பொக்ஸ் பக்கம். குனிஞ்சு பாத்தால்தான் தெரியும். ஸ்ராட்டர் இழுக்கிறது நூறு அம்பியருக்கு மேல. பட்டி அறுந்தாலோ, பச்சை பிடிச்சு இத்துப்போனாலோ கறன்ற் வேற வழி தேடும். சோக் கேபிள், அக்சிலேற்றர் கேபிள், ஸ்பீடோ கேபிள், பொடியையும் இஞ்சினையும் சேத்துத் தொடுற எல்லாம் அதுக்கு வழிதான். மெல்லிய கம்பியால அவ்வளவு கறன்ற் போனால் புகையாமல் என்ன செய்யும்? சோக் கேபிள் சுட்டால் முதல் பாக்கிற இடம் அந்தப் பட்டி. பற்றரியும் இல்லை, கொயிலும் இல்லை.

இதைப் பாக்க மீற்றரே தேவையில்லை. ஜம்பர் கேபிள் ஒண்டு எடுங்கோ. ஒரு நுனியைப் பற்றரியின்ர ஏர்த் முனையில, அதாவது பொடியோட சேத்திருக்கிற முனையில கொழுவி, மற்ற நுனியை இஞ்சின் புளொக்கில பெயின்ற் இல்லாத இரும்பில கொழுவுங்கோ. கியர் நியூற்றலில, ஹான்ட் பிறேக் போட்டு ஸ்ராட் அடியுங்கோ. இஞ்சின் விறுவிறெண்டு சுத்தினால் பழுது அதுதான்.

மீற்றர் இருக்கிறவை 20 வோல்ற் டீசியில வையுங்கோ. இஞ்சின் பிடிக்காமல் இருக்க, பொறிக்கு வோல்ற் கூட்டிக் குடுக்கிற கொயிலின்ர சின்ன வயர் ஒண்டைக் கழட்டி விடுங்கோ. முதல் பற்றரியைச் சும்மா நிக்கேக்க பாருங்கோ: 12.6 எண்டால் நிறைஞ்சிருக்கு, 12.2 எண்டால் பாதி. பிறகு மீற்றரின்ர ஒரு முனையைப் பற்றரியின்ர ஏர்த் ஈயத்திலயே வையுங்கோ. கிளாம்பில வைச்சால் கிளாம்புக்கும் ஈயத்துக்கும் இடையில உள்ள பழுது தெரியாமல் போயிடும். மற்ற முனை இஞ்சின் புளொக்கில. ஒருத்தரை அஞ்சு செக்கன் ஸ்ராட் அடிக்கச் சொல்லுங்கோ. 0.2, 0.3 எண்டால் நல்லம். 0.5 ஐத் தாண்டினால் அந்த வழியில தடை இருக்கு. 2, 3 எண்டு ஏறினால் பட்டி இருந்தும் இல்லாத கணக்குத்தான். அதே மாதிரி பற்றரியின்ர மற்ற முனையில இருந்து ஸ்ராட்டரின்ர தடிச்ச போல்ற் வரைக்கும் பாருங்கோ. அதுக்கும் 0.5 தான் எல்லை. ஸ்ராட் அடிக்கேக்க பற்றரி 9.6 க்குக் கீழ விழுந்தால் மட்டும் பற்றரியைச் சந்தேகப்படுங்கோ. எல்லாம் சேத்துப் பத்து நிமிச வேலை.

மீற்றரை ஓமில, தடை அளக்கிற பக்கம் வைச்சுப் பாத்தால் போதாதோ எண்டு ஒரு தம்பி கேட்டிருந்தார். போதாது தம்பி. பின்னல் வயரில நாலு இழை மிஞ்சிக் கிடந்தாலும் ஓம் மீற்றர் சைபர் எண்டுதான் சொல்லும். மீற்றர் அனுப்புறது துளிக் கறன்ற், அதுக்கு நாலு இழை காணும். ஸ்ராட்டருக்குக் காணாது. வேலை செய்துகொண்டு இருக்கேக்கதான் அளக்க வேணும்.

நாங்கள் இருக்கிறது யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுப்பக்கமும். பருத்தித்துறையிலயும் காரைநகரிலயும் ஊர்காவற்றுறையிலயும் நிக்கிற காருக்கு வருசம் முழுக்க உப்புக்காத்து, ஐப்பசி கார்த்திகையில மழை. அறுபது வருசக் காரில உதிரிப்பாகம் பழுதாகிறதை விட மூட்டுத்தான் கூடப் பழுதாகும். ஹெட்லைற் மங்கலா எரிஞ்சால் பல்பை மாத்தாமல் ஏர்த் வயரைக் கழட்டி, இரும்பு மினுங்கும் மட்டும் சுரண்டி, பூட்டின பிறகு கிறீஸ் பூசுங்கோ.

பற்றரியைச் சார்ஜ் பண்ணுற டைனமோ குப்பை எண்டு சொன்னதுக்கும் பதில் இருக்கு. அதையாவது அளந்தினமோ? டைனமோவில டி, எஃப் எண்டு ரெண்டு முனை. ரெண்டு வயரையும் கழட்டிப்போட்டு, டி முனையையும் எஃப் முனையையும் ஒரு துண்டு வயரால சேருங்கோ. அந்தச் சேர்க்கைக்கும் ஏர்த்துக்கும் இடையில மீற்றர். இஞ்சினை ஐடிலில விட்டு மெல்ல மெல்லக் கூட்டுங்கோ, வோல்ற் விக்காமல் ஏறினால் டைனமோ நல்லம். 20 க்குப் போக விடாமல் நிப்பாட்டுங்கோ. ஒண்டுமே வராட்டி பிறஷ் தேய்ஞ்சோ இறுகியோ இருக்கும். ஒரு வோல்ற்றுக்குள்ள நிண்டால் சுத்தாமல் நிக்கிற ஃபீல்ட் கொயில். நாலு, அஞ்சோட நிண்டால் உள்ளுக்க சுத்துற ஆமேச்சர். டைனமோ நல்லம், ஆனால் சார்ஜ் இல்லை எண்டால் பழுது றெகுலேற்றர் பெட்டியிலயோ இடையில உள்ள வயரிலயோ இருக்கு. ஐடிலில டாஷ்போட்டில சார்ஜ் காட்டுற சிவப்பு லைற் லேசா மினுங்குறது டைனமோக் காருக்குப் பழுதே இல்லை. அதைக் காட்டியே எத்தினை பேரிட்டக் காசு வாங்கியிருக்கினம்.

லூக்காஸ் சி40 டைனமோ 22 அம்பியர் குடுக்கும். ரெண்டு ஹெட்லைற் 45 வோட்ஸ் படி ஏழரை அம்பியர். சைட் லைற், இக்னிஷன், வைப்பர் எல்லாம் சேத்தாலும் மிச்சம் இருக்கு. ஹலஜன், எலெக்ரிக் ஃபான், பாட்டுக்கு அம்ப் போடுறவை டைனமோவைக் கழட்டிப்போட்டு ஓல்ற்றனேற்றர் போடட்டும், நான் தடுக்கேல்லை. ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார் அநேகம் பொசிற்றிவ் ஏர்த், பற்றரியின்ர பிளஸ் முனைதான் பொடியோட சேந்திருக்கும். அதை மாத்தாமல் சாதாரண ஓல்ற்றனேற்றரைக் கொழுவினால் டயோட் அந்த இடத்திலயே போயிடும். அந்த வீடியோவில பற்றரி எந்தப் பக்கம் ஏர்த் எண்டு ஒருத்தர் வாயே திறக்கேல்லை.

நேரம்தான் காசு, வாடிக்கையாளர் வாசலில நிக்கிறார், அளந்துகொண்டு இருக்கேலாது எண்டு சொல்லுவினம். பற்றரி இறக்கி, ஸ்ராட்டர் கழட்டி, டாஷ்போட் கழட்டினதுக்கு எத்தினை மணித்தியாலம் போனது? அந்த நேரம் ஆரின்ர காசு?

துணி சுத்தின பழைய வயர் ஆபத்து எண்டும் சொல்லுவினம். உண்மைதான். உள்ளுக்குள்ள றப்பர் வெடிச்சிருந்தால் மாத்தத்தான் வேணும், அதில எனக்கு வாதம் இல்லை. பழுதான சேர்க்கிற்றை மட்டும், அதே தடிப்பில, அதே நிறத்தில மாத்துங்கோ.

ஒரு பழுது எப்பிடி ஒளிஞ்சிருக்கும் எண்டதுக்குப் பருத்தித்துறைப் பக்க ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ55 கார் ஒண்டைச் சொல்லுறன். ஐடிலில எவ்வளவு நேரமும் நிக்கும். அக்சிலேற்றரை அமத்தினால் வெட்டி வெட்டிச் செத்துப்போகும். காபுரேற்றர் கழட்டிப் பூட்டியாச்சு, பெற்றோல் பம்ப் மாத்தியாச்சு, கொயில் மாத்தியாச்சு. பழுது கிடந்தது பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுற டிஸ்ரிபியூட்டருக்குள்ள, கொயிலின்ர கறன்றைத் திறந்து மூடுற பொயின்ற்றுக்குப் போற விரல் நீள வயரில. வெளியில தோல் முழுசு, உள்ளுக்குள்ள செம்பு அறுந்து. அக்சிலேற்றரை அமத்தேக்க இஞ்சினின்ர உறிஞ்சல், வக்கியூம், பொயின்ற் இருக்கிற பேஸ் பிளேற்றைத் திருப்பும், வயர் இழுபடும், அறுந்த நுனி ரெண்டும் விலகும். ஐடிலில திருப்பி ஒட்டிக்கொள்ளும்.

இதைப் பிடிச்சது ஒரு 12 வோல்ற் பல்பும் ரெண்டு வயரும்தான். பல்பின்ர ஒரு வயர் ஏர்த்தில, மற்றது கொயிலில டிஸ்ரிபியூட்டர் பக்க முனையில. இக்னிஷனைப் போட்டு இஞ்சினைக் கையால மெல்லச் சுத்துங்கோ. பொயின்ற் திறந்தால் எரியும், மூடினால் அணையும். எரிஞ்சு அணைஞ்சால் அந்தப் பக்கம் சுகம். எரிஞ்சபடியே நிண்டால் பொயின்ற் ஊத்தை, இல்லாட்டி உள் வயர் அறுந்தது, இல்லாட்டி பேஸ் பிளேற்றின்ர ஏர்த் வயர் போயிட்டுது. எரியவே இல்லாட்டி பல்பைக் கொயிலின்ர மற்ற முனைக்குக் கொண்டுபோங்கோ. அங்கயும் இல்லை எண்டால் சப்ளை வரேல்லை. அங்க எரியுது எண்டால் கொயில் உள்ளுக்க அறுந்தது, இல்லாட்டி பொயின்ற் போல்ற்றில ஃபைபர் வாஷர் மாறிப் பூட்டி ஏர்த்தோட முட்டுது. ஏ55 இல பொயின்ற்றை மூடின நிலையில வைச்சு, பல்பு அணைஞ்சிருக்க, வக்கியூம் குழாயை வாயால உறிஞ்சினது. உறிஞ்சின உடன பல்பு எரிஞ்சுது. அதோட தெரிஞ்சுபோச்சு.

இருபது நிமிசம் ஓடி நிண்டு, ஆறின பிறகு பிடிக்கிற காருக்கும் இதே கதைதான். பொயின்ற்றோட சேத்துப் பூட்டின கண்டென்சராயும் இருக்கலாம், கொயிலாயும் இருக்கலாம், வெக்கையில பெற்றோல் கொதிச்சதாயும் இருக்கலாம். ஆற விட்டால் ஒண்டும் தெரியாது. நிண்ட உடன, பெற்றோல் ஒழுக்கு இல்லை எண்டு பாத்திட்டு, கொயிலின்ர நடு வயரைக் காப்பிட்ட குறட்டால புளொக்கில இருந்து கால் அங்குலத்தில பிடிச்சு ஸ்ராட் அடியுங்கோ. பொறி நீலமா, தடிப்பா, டக் டக்கெண்டு பாஞ்சால் பெற்றோல் பக்கம் போங்கோ. மஞ்சளா மெலிஞ்சு வந்தால் கண்டென்சரை முதல் பாருங்கோ, பொயின்ற் கருகியிருந்தால் அது இன்னும் உறுதி. இது பொயின்ற் உள்ள காருக்கு மட்டும். எலெக்ரோனிக் இக்னிஷனில செய்யாதேங்கோ.

பெரிய வாத்தியார் வந்திட்டார் எண்டு எழுதப்போறீங்கள். எழுதுங்கோ. எனக்கு உண்மையில நோகிறது வேற. தொண்ணூறுகளில தடை போட்டுப் பெற்றோல் இல்லாத காலத்தில, சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோலை வைச்சு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி, ஒஸ்ரின் ஏ40 யும் மைனரும் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சியளைக் கொண்டுபோன ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி வானொலி கேட்ட ஊர். மாத்திப்போட ஒரு சாமான் இல்லாத நேரத்தில, பழுது எங்க எண்டு கண்டுபிடிக்கிறதுதான் மெக்கானிக்கின்ர முழு வேலையும். கையில ஒரு பல்பை வைச்சுக்கொண்டு அதைச் செய்த ஆக்கள் இப்பவும் இருக்கினம். அவையிட்ட ஒருத்தரும் போய்க் கேக்கிறேல்லை. ஸ்கானர் கொழுவ இடம் இல்லாத காரைப் பாத்தால் பெடியள் பயப்படுகினம். அவையைப் பிழை சொல்லேல்லை, சொல்லிக் குடுக்காத எங்கட ஆக்களைச் சொல்லுறன். ஆனால் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வீடியோவில சொல்லி, அறுபது வருசம் காப்பாத்தின ஒரு மனுசன்ர காரை ஊர் சிரிக்க வைச்சதை என்னால பறவாயில்லை எண்டு விடேலாது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டு 2025 பெப்ரவரி மட்டும் புதுக் கார் வராமல் கிடக்கேக்க, எத்தினை வீட்டில உந்தப் பழசுதான் பிள்ளையளைப் பள்ளிக்குடம் கொண்டுபோனது!

வெட்டின வயரைத் தயவுசெய்து எறியாதேங்கோ. பிறவுண் எப்பவும் கறன்ற் உள்ளது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷன்தான் ஆனால் பியூஸ் தாண்டினது, ஊதா எப்பவும் உள்ளது பியூஸ் தாண்டினது, நீலம் ஹெட்லைற், சிவப்பு சைட் லைற், கறுப்பு ஏர்த். துண்டுகளை நிலத்தில விரிச்சு, நுனிக்கு நுனி பேப்பர் ஒட்டி, அதே பாதையில திருப்பி ஓடலாம். எல்லாத்தையும் ஒரே சிவப்பு வயரில ஓடினால் அடுத்த பழுதுக்கு வாறவன் எதைப் பிடிச்சுப் பாக்கிறது? திருப்பி ஓடேக்க ஹெட்லைற்றுக்கு ஒரு பியூஸ் சேருங்கோ, அந்தக் காரில ரெண்டு பியூஸ்தான், ஹெட்லைற் ரெண்டிலயும் இல்லை.

நேற்று உள்பெட்டியில கேட்ட அண்ணைக்கு: இண்டிகேற்றர் போடேக்க பின் பார்க் லைற்றும் சேந்து மினுங்குதெண்டால் ஃபிளாஷர் வாங்காதேங்கோ. அந்தப் பக்கப் பின் லைற்றின்ர ஏர்த் போயிருக்கு. பின் டிக்கிக்குள்ள கைவிட்டு, லைற் கூட்டைப் பிடிக்கிற நட்டைக் கழட்டி, துருவைச் சுரண்டிப் பூட்டுங்கோ. அதுக்குப் பிறகும் மினுங்கினால் கூட்டில இருந்து பற்றரி ஏர்த் வரைக்கும், லைற் எரியேக்க, எத்தினை வோல்ற் காட்டுது எண்டு பாத்து எழுதுங்கோ.