பிஸ்கோச்சீட்டோ சுட்டால் முறுக்கு மறந்துவிடாது

சனிக்கிழமை நம் தமிழர் பாட்லக்கில் (ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் விருந்தில்) என்ன நடந்தது, அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுவில் என்ன ஓடியது என்பதெல்லாம் இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யார் சொன்னார் என்று எழுதப் போவதில்லை. சொன்னது என்ன என்பதை மட்டும் எழுதுகிறேன். "முறுக்கு சுட நேரமில்லை, மெக்சிக்கன் குக்கீ சுட மட்டும் நேரம் இருக்கு." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சரி, அதைக்கூட விட்டுவிடலாம். மேசை ஓரத்தில் நின்று, நான் வைத்திருந்த டமாலே (மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பது) தட்டைப் பார்த்து, "இது கட்டட வேலைக்காரங்க சாப்பாடுங்க, நம்ம விழாவுக்கு எதுக்கு?" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

நான் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கியில் குடியிருக்கிறேன். இந்த ஊரில் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு பிஸ்கோச்சீட்டோ என்ற குக்கீ சுடுவார்கள். நானும் சுடுகிறேன். இந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பக்கத்து உணவகத்துக்குப் போய் சிவப்பு சிலேயும் பச்சை சிலேயும் (மிளகாயில் செய்த குழம்பு) ஊற்றிச் சாப்பிடுவார்கள். நாங்களும் போகிறோம். இதில் யாருக்கு என்ன குறை வந்தது? இருக்கிற ஊரின் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுவது பிறந்த ஊரை மறப்பது ஆகாது. இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கோச்சீட்டோ ஏதோ கடையில் பாக்கெட்டில் கிடைக்கிற குக்கீ என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1989இல் நியூ மெக்சிகோ இதைத் தன் மாநிலக் குக்கீயாகச் சட்டமன்றத்தில் வைத்து அறிவித்தது. அமெரிக்காவில் தனக்கென்று ஒரு குக்கீயை அறிவித்த முதல் மாநிலம் இதுதான். கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் இது இல்லாமல் இங்கே பழைய குடும்பங்களில் தட்டு நிறையாது. கொழுப்பையும் சர்க்கரையையும் வெண்மையாகப் பொங்கி வரும்வரை அடிக்க வேண்டும். அதில்தான் பாதி வேலை. அப்புறம் முட்டை, ஒன்றிரண்டாக இடித்த ஆனிஸ் விதை (நம் சோம்பு வாசனைதான், விதை இன்னும் சிறியது), மாவு, கொஞ்சம் பிராந்தி அல்லது இனிப்பு வைன். பிராந்திக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு விடுகிறவர்களும் உண்டு, நான் அப்படித்தான். தேய்த்து, நட்சத்திரமாகவோ பூவாகவோ வெட்டி ஓவனில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெளியே எடுத்ததும் பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்ட வேண்டும். எடுத்த வேகத்தில் புரட்டினால் கையிலேயே உடைந்துவிடும், ஆறவிட்டால் சர்க்கரை ஒட்டாது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தை எனக்குக் கைபிடித்துக் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அம்மா.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

என் மகள் பிறந்தது ஒரு ஜனவரியில். வெளியே பனி. அம்மாவால் ஊரிலிருந்து வர முடியவில்லை. பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, உடம்பு பிடித்துவிட ஆள் என்று எதுவும் இல்லாமல், போனில் அம்மா சொல்லச் சொல்ல நானே ஏதோ பொங்கித் தின்றுகொண்டிருந்தேன். அதுவரை வேலியோரம் கையசைத்ததைத் தவிர அந்த அம்மாவுக்கும் எனக்கும் பழக்கமில்லை. ஒரு நாள் காலையில் கதவைத் தட்டினார். ஒரு கையில் போசோலே பானை, உப்பவைத்த மக்காச்சோள மணியும் கறியும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. இன்னொரு கையில் துணி சுற்றிய பாத்திரம், அதில் நீலச் சோள மாவில் காய்ச்சிய அத்தோலே, கஞ்சிப் பதத்தில், சுடச்சுட. "இதைக் குடி மிஹா (மகளே), பால் நல்லா ஊறும்" என்றார். பிள்ளை பெற்றவளுக்கு அத்தோலே கொடுப்பது இங்கே பாட்டி காலத்து வழக்கம். ஊறுமோ ஊறாதோ, எனக்கு வைத்தியம் தெரியாது. என்னைப் பெற்றவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஒருத்தி எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து நான் குடித்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தாள். அது தெரியும்.

அந்த அம்மாவிடமிருந்துதான் எல்லாம் கற்றுக்கொண்டேன். டமாலேக்கு மாவு பதமா என்று பார்க்க ஒரு துளி மாவைத் தண்ணீர் டம்ளரில் போடுவார். மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் அடி. மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் மட்டையை ஊறவைத்து, வழவழப்பான பக்கத்தில் மாவைத் தடவி, நடுவே சிவப்பு சிலேயில் வெந்த கறியை வைத்து மடித்து, பானையில் நிற்கவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வேகவைப்பார். கிறிஸ்துமஸ் டமாலேயைத் தனியாளாகச் செய்ய மாட்டார்கள். அக்கா தங்கை, மருமகள், பேத்தி எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி தடவ, ஒருத்தி வைக்க, ஒருத்தி மடிக்க, வம்பு பேசிக்கொண்டே நாள் முழுக்க ஓடும். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அத்தைகளும் சித்திகளும் உட்கார்ந்து அதிரசம் தட்டியது வேறு எப்படி இருந்தது? ஊரை நான் எங்கே மறந்தேன்? இந்த மேசையில் உட்காரும்போதுதான் எனக்கு ஊர் ஞாபகம் அதிகம் வருகிறது.

இனி, கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன். சிலர் ஏற்கெனவே உள்பெட்டியில் கேட்டுவிட்டார்கள்.

"பன்றிக் கொழுப்பு போட்டதை எப்படிப் பொதுவில் வைக்கலாம்?" நியாயமான கேள்வி. கோபமில்லை. பழைய முறைப்படி பிஸ்கோச்சீட்டோவுக்கும் டமாலே மாவுக்கும் பன்றிக் கொழுப்புதான். அதனால்தான் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்று வெண்ணெயில் சுட்டது. டமாலேயிலும் பச்சை சிலேயும் சீஸும் வைத்து எண்ணெயில் பிசைந்தது தனியாக இருந்தது. இரண்டிலும் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சீட்டு ஒட்டியிருந்தேன். சைவம் சாப்பிடுபவர்களின் மனம் எனக்கு முக்கியம், என் மாமியாரே சைவம்தான். உணவகத்துக்குப் போனாலும் பீன்ஸில் கொழுப்பு சேர்த்தார்களா என்று கேட்டுத்தான் அவருக்கு வாங்குவேன். கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

"சீஸும் எண்ணெயும் உடம்புக்கு ஆகுமா?" நம் பஜ்ஜிக்கும் நெய் மைசூர்பாவுக்கும் இதைக் கேட்டவர்கள் மட்டும் கேட்கட்டும்.

"பிள்ளைகள் நம் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள்." இதுதான் எல்லோரும் பிடித்துக்கொள்வது. என் மகளுக்குக் கொழுக்கட்டைச் சொப்பும் செய்ய வரும், டமாலேயும் மடிக்க வரும். ஒன்று தெரிந்தால் இன்னொன்று கையைவிட்டு ஓடிவிடுமா? கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைக்கிறாள். டிசம்பர் 24 அன்று காகிதப் பையில் மணல் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றி லூமினாரியாவும் வைக்கிறாள். பழைய நகரப் பகுதியான ஓல்ட் டவுனில் அன்றைக்கு ஊரே நடந்து பார்க்கும், உங்களில் எத்தனை பேர் அங்கே படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெளிச்சத்தைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். அதே வீட்டு அடுப்பில் சுட்டதைத் தின்றால் மட்டும் தமிழ் அழிந்துவிடுமா?

அப்புறம், "நம்ம சாப்பாடு, அவங்க சாப்பாடு" என்று ஏதோ மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போலப் பேசுகிறீர்கள். நம் குழம்பில் போடும் மிளகாய் எங்கிருந்து வந்தது? மெக்சிகோ மண்ணில் விளைந்து, போர்ச்சுகீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான். தக்காளியும் கொய்யாவும் சப்போட்டாவும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். நம் பக்கத்திலிருந்தும் அங்கே போயிருக்கிறது. மெக்சிகோக்காரர்கள் கனேலா என்று தேடித் தேடி வாங்கும் மெல்லிய பட்டை இலங்கையில் விளைவது. இலங்கைப் பட்டையை உலகத்திலேயே அதிகம் வாங்குவது மெக்சிகோதான். 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் கப்பல் ஓடியது, இன்றைக்கும் மெக்சிகோவில் ஒரு மாம்பழத்துக்கு மணிலா என்றே பெயர். புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டு அவர்கள் குடிப்பதைப் பார்த்து என் அம்மா "நம்ம பானகம்டி இது" என்றார். சரித்திர வகுப்பு எடுக்காதே என்பீர்கள். எடுக்கவில்லை. நீங்கள் கோடு போட்டதால் சொல்கிறேன்.

"வந்து குடியேறினவங்க சாப்பாடு" என்று வேறு ஒருவர் எழுதியிருந்தார். யார் வந்து குடியேறியது? இந்த மண் 1821 முதல் மெக்சிகோவாக இருந்தது, அதற்கு முன் ஸ்பெயின் ஆட்சி, அதற்கும் முன்பிருந்து பூவெப்லோ என்ற பழங்குடி மக்களின் மண். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடந்த போர் முடிந்து 1848இல் ஒப்பந்தம் போட்டபோது எல்லைக்கோடு தெற்கே நகர்ந்தது. இங்கே இருந்த குடும்பங்கள் நகரவில்லை. என் பக்கத்து வீட்டு அம்மாவின் குடும்பம் அப்படிப்பட்டது. விசா முத்திரையோடு விமானத்தில் வந்து இறங்கியவர்கள் நாம். வந்தவர்கள் இருந்தவர்களைப் பார்த்து வந்தவர்கள் என்று சொல்வதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த உணவகங்களுக்குள் ஒரு முறையாவது உட்கார்ந்து பாருங்கள். எல் மொடேலோவில் 1929இலிருந்து டமாலே போடுகிறார்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் டஜன் கணக்கில் வாங்க வரிசை நிற்கும். கோல்டன் கிரவுன் பேக்கரியில் பிஸ்கோச்சீட்டோ வாசனைக்கே உள்ளே இழுக்கும், பச்சை சிலே போட்ட ரொட்டியும் உண்டு. மேரி அண்ட் டிட்டோஸ், வெளியே பார்த்தால் சாதாரணக் கடை. 2010இல் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பு அமெரிக்காவின் பாரம்பரிய உணவகங்களுக்குக் கொடுக்கும் விருதை அதற்குக் கொடுத்தது. சிவப்பு சிலேயில் ஊறிய கறிக்கு அவ்வளவு பேர். எங்கே போனாலும் பரிமாறுகிறவர் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொன்னால் போதும். கடைசியில் பூரி போல உப்பின சோப்பப்பியா வரும், ஒரு மூலையைக் கிள்ளி உள்ளே தேன் விட்டுச் சாப்பிட வேண்டும். என் அம்மா வந்திருந்தபோது பரிமாறிய பெண்மணி, பல் சரியில்லை என்று பார்த்துப் புரிந்துகொண்டு, கேட்காமலே கறியைச் சின்னதாக நறுக்கிக் கொண்டுவந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர்களிடம் நம் ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள்? சொடுக்குப் போட்டுக் கூப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். டிப்ஸ் வைக்கும் நேரத்தில் கழிப்பறைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இத்தாலியன் சாப்பிட்டால் பெருமை, ஜப்பானியச் சாப்பாடு என்றால் இன்னும் பெருமை. மெக்சிக்கன் என்றால் மட்டும் இளக்காரம். ஏன்? நம் வீட்டுக் கூரையை மாற்றுபவரும் தோட்டத்தைச் சீராக்குபவரும் அதைச் சாப்பிடுகிறார்கள் என்பதாலா? தட்டைப் பார்த்து ஆளை அளக்கும் புத்தி இந்த ஊரில் கற்றுக்கொண்டதல்ல. பெட்டியில் பொடியோடும் ஊறுகாயோடும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தது. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று பார்த்த அதே கண்தான் இங்கே டமாலேயைப் பார்க்கிறது. கசப்பாக இருந்தாலும் இதுதான் உண்மை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, குழுவில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா கொத்தனார். விருதுநகர் பக்கம் சாரத்தில் ஏறி இறங்கிய மனிதர். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற விரல்களோடு, மத்தியானம் செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியில் பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டவர். அந்தக் கை சம்பாதித்த கூலியில்தான் நான் படித்தேன், விமானம் ஏறினேன், அந்த விழா மேசைக்கு முன்னால் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மாவின் கணவரும் காலமெல்லாம் மண்சுவர் பூசியவர். "கட்டட வேலைக்காரங்க சாப்பாடு" என்று அன்று மேசை ஓரத்தில் நின்றவர் சொன்னபோது தட்டில் இருந்தது டமாலே மட்டுமில்லை. சிரித்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, சரி. இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

அடுத்த வருஷமும் பிஸ்கோச்சீட்டோ கொண்டுவருவேன். முறுக்கும் கொண்டுவருவேன். போன தீபாவளிக்கு நான் சுட்ட முறுக்கைத் தின்ற கைகள்தான் அந்தச் சிரிப்புப் பொம்மையை அழுத்தின. ஏற்பாட்டாளர்களுக்கு இதில் ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள், நான் வரவில்லை.

டிசம்பர் 24ஆம் தேதி சாயங்காலம் எங்கள் வீட்டில் போசோலே. சைவத்துக்குத் தனிப் பானை வைப்பேன். ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம், சிரித்தவர்களும் வரலாம். பக்கத்து வீட்டு அம்மாவும் இருப்பார். அன்று மேசை ஓரத்தில் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.