கேமராக்காரனுக்குப் படத்தில் இடமில்லை

பதினேழு வயதில் கையில் ஒரு கேமரா வைத்திருப்பது குற்றமா என்று எங்கள் வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். குறுக்குத்துறையில் தாமிரபரணியின் மேல் மாலை வெயில் சாயும் அந்தப் பத்து நிமிடத்துக்காக, வீட்டுப்பாடத்தை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடிப்போய் நின்றால், ஆற்றுக்கும் எனக்கும் நடுவே சித்தப்பா விறைப்பாக வந்து நின்றுகொண்டு, "ஏலே, என்னைய ஒண்ணு எடு" என்கிறார். 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தை எடுக்கப்போனால் அத்தை முன்னால் நிற்கிறார். கூந்தன்குளத்தில் நாரை சிறகை விரிக்கும் நொடியில் மாமாவின் தொப்பை மறைக்கிறது. பறக்கும் நாரை கலங்காமல் விழ, கேமராவின் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறக்கும்படி வைத்திருந்தேன். மாமாவோ அசையவே மாட்டார்! எடுத்த படத்தையாவது பாராட்டுவார்களா? "கறுப்பா விழுந்திருக்கேனே" என்பார்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றது நானா?

ஆச்சி வீட்டு முற்றத்தில் நான் தவழ்ந்ததற்குக்கூடப் படம் இருக்கிறது. கேமரா கைக்கு வந்த நாளிலிருந்து கல்யாணம், கோயில் கொடை, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் எதிலும் நான் இல்லை. சென்ற வாரம் ஆல்பத்தைப் புரட்டிய ஆச்சி நிதானமாகக் கேட்டாள்: "கொடைக்கு நீ வரலியாலே?"